தயாரிப்பாளரின் இரண்டு கணக்குகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு ஆண்டுகளாகக் கோவையில் ஒரு சிறிய நாடகக் குழுவை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு கடன் வாங்கி ஒரு சிறிய திரைப்படமும் தயாரித்தேன். போட்ட பணம் திரும்பவில்லை. குழுவினர் அனைவரும் சேர்ந்து வாங்கிய ஒளிவிளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் விற்று அந்தக் கடனை அடைக்கலாமா என்று யோசிக்கிறேன். நாடகம், சினிமா இரண்டையும் ஒருவரே தயாரிப்பது நடக்கக்கூடியதா? இந்தி நடிகர் சசி கபூரே தயாரிப்பாளராகத் தோற்றவர்தானே என்கிறார் என் நண்பர்.

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சசி கபூரின் படக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டாவது கணக்கில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய தந்தை பிரித்விராஜ் கபூர் 1944-இல் பிரித்வி தியேட்டர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, சினிமாவில் நடித்துச் சம்பாதித்ததை அதில் கொட்டி, ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்டார். காட்சி முடிந்ததும் வாயிலில் துணியை ஏந்தி நின்று நன்கொடை பெற்றார். அவர் உடல்நலம் குன்றியபோது, 1960-இல், குழுவும் நின்றுபோனது. ஒரு மனிதரின் உடலையும் வருமானத்தையும் மட்டுமே தூணாகக் கொண்டிருந்த குழுவுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் குழுவில் நடிகராகவும் மேடைப் பணிகளில் உதவியாளராகவும் இருந்த சசி கபூர் இதை அருகிலிருந்து பார்த்தவர். இடையே ஆங்கிலேய நடிகர் ஜெஃப்ரி கெண்டலின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு பயணம் செய்ததும், கெண்டலின் மகள் ஜெனிஃபரை 1958-இல் மணந்ததும் அந்த மேடை வாழ்வின் தொடர்ச்சியே.

எழுபதுகளில் அவர் ஒரே நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடினார். அண்ணன் ராஜ் கபூர் அவரை 'டாக்சி' என்று அழைத்த கதை பலரும் அறிந்தது. வணிகப் படங்களில் அப்படி ஈட்டிய பணத்தை அவர் தாம் நம்பிய படங்களில் போட்டார். ஷியாம் பெனகலின் 'ஜுனூன்' (1978), 'கலியுக்' (1981), அபர்ணா சென்னின் முதல் படமான '36 சௌரங்கி லேன்' (1981), கோவிந்த் நிஹலானியின் 'விஜேதா' (1982), சூத்ரகரின் சமஸ்கிருத நாடகமான மிருச்சகடிகத்தை அடிப்படையாகக் கொண்டு கிரீஷ் கர்னாட் இயக்கிய 'உத்சவ்' (1984) ஆகியவை அவர் தயாரித்தவை. அபர்ணா சென்னுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக எடுக்கப்பட்ட 'உத்சவ்' சசி கபூருக்குப் பெரும் நட்டத்தைத் தந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அபர்ணா சென்னைப் போன்ற ஒரு புதியவரை நம்பி முழுப் படத்தையும் ஒப்படைத்ததை வெறும் பண முதலீடு என்று என்னால் கருத முடியவில்லை.

இனி இரண்டாவது கணக்கு. பம்பாயின் ஜுஹுவில் பிரித்விராஜ் ஒரு நாடக அரங்கம் கட்டும் எண்ணத்தோடு 1962-இல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் மறைந்த 1972-இலேயே குத்தகையும் முடிந்தது. அந்த நிலத்தை சசி கபூரும் ஜெனிஃபரும் வாங்கினார்கள். தந்தையின் நினைவாக ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். கட்டடக் கலைஞர் வேத் சேகனைக் கொண்டு, மேடையின் மூன்று பக்கமும் பார்வையாளர்கள் அமரும்படி ஏறத்தாழ 200 இருக்கைகள் கொண்ட அரங்கத்தைக் கட்டி, 1978 நவம்பர் 5-இல் திறந்தார்கள். சிறிய குழுக்களும் தாங்கக்கூடிய வாடகை, குறித்த நேரத்தில் தொடங்கும் காட்சி, தாமதமாக வருவோருக்கு அனுமதியின்மை என்று அந்த அரங்கம் தனக்கென ஒரு ஒழுங்கை வளர்த்துக்கொண்டது. இந்த ஒழுங்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மராத்திக் குழுவோ இந்திக் குழுவோ ஒரு மாலையை நம்பி ஒத்திகை பார்க்க முடிவது எவ்வளவு பெரிய கொடை என்பது, மண்டபம் கிடைக்காமல் அலைந்திருக்கும் உங்களுக்குத் தெரியும்.

'உத்சவ்' வெளியான அதே 1984-இன் செப்டம்பரில் ஜெனிஃபர் புற்றுநோயால் இறந்தார். அரங்கத்தை அன்றாடம் பேணிவந்தவர் அவரே. அப்படிப்பட்ட ஆண்டில் தனியொருவரின் குழுவாக இருந்திருந்தால் அது 1960-ஐப் போல நின்றுபோயிருக்கும். நிற்கவில்லை. அரங்கம் அறக்கட்டளைக்கு உரியதாக இருந்தது. படங்கள் சசி கபூருடைய திரைப்பட நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. பின்னாளில் மகள் சஞ்சனாவும் மகன் குணாலும் அரங்கத்தை நடத்தினார்கள். 2017-இல் சசி கபூர் மறைந்த பிறகும் அங்கே நாடகங்கள் தொடர்கின்றன.

எனவே இரண்டையும் ஒருவரே தயாரிக்கலாம், இரண்டின் பணமும் ஒரே பெட்டியில் இல்லாதவரை. சினிமாவில் ஈட்டியதை நாடகத்துக்குக் கொண்டுவருவது வேறு; சினிமாவில் இழந்ததை நாடகத்திலிருந்து எடுப்பது வேறு. அந்த விளக்குகள் உங்களுடையவை அல்ல. குழுவினர் சேர்ந்து வாங்கியவை. அவற்றை விற்காதீர்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை கேளுங்கள். உங்கள் சொந்த உழைப்பிலிருந்து கடனை அடைத்துவிடுங்கள். அதற்கு முன், குழுவை ஒரு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுசெய்து, அதன் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, விளக்குகளையும் கருவிகளையும் அதன் சொத்துப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த ஒத்திகையின்போதே குழுவினரை உட்காரவைத்து இதைப் பேசுங்கள்.

அன்புடன்.