கனவுதானே என்றால்

வணக்கம் சார்,

போன சனிக்கிழமை மகன் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தைப் போட்டான். நாற்பது வருடப் பழைய படம்தானே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். எது கனவு, எது நிஜம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. கனவுதான் என்றால் எதற்குப் பயப்பட வேண்டும்? பார்ப்பவரை ஏமாற்றுகிற வேலை இல்லையா இது? ஆனாலும் அன்று ஹால் விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன்.

கே., ஈசூன்

அன்புள்ள கே.,

ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்றுகிற படம் கடைசியில் எல்லாம் கனவு என்று சொல்லிக் கையைக் கழுவிவிடும். இயக்குநர் வெஸ் கிரேவன் 1984-இல் எடுத்த இந்தப் படத்தில் ஒரு பேய் கனவில் வந்து பிள்ளைகளைக் கொல்கிறது; கனவில் பட்ட காயம் விழித்த பிறகும் உடம்பில் இருக்கிறது. அந்த வகுப்பறைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நாயகி நான்சிக்குக் கண் சொக்குகிறது, முன்னால் ஒரு பையன் பாடம் வாசித்துக்கொண்டிருக்கிறான், அவன் குரல் மெல்லக் கிசுகிசுப்பாகத் தணிகிறது, அவ்வளவுதான். அவள் தூங்கிவிட்டாள் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. செத்துப்போன தோழி பிணப்பைக்குள் இருந்து கூப்பிடும்போதுதான் நமக்கு உறைக்கிறது. கனவிலிருந்து தப்ப வழியில்லாமல் கொதிக்கும் குழாயில் தன் கையையே வைத்துச் சுட்டுக்கொள்கிறாள். அலறி விழித்து, பள்ளிக்கு வெளியே வந்து பார்த்தால் அந்தச் சூட்டுக்காயம் கையில் இருக்கிறது. எனக்கு அந்தக் காயம்தான் படம்.

பேய் வீடு என்றால் காலி செய்துவிட்டுப் போகலாம். தூக்கத்தை விட்டு எங்கே போவது?

கடைசிக் காட்சியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, அங்கே எது கனவு, எது நிஜம் என்று பிடிபடாது. நான்சி பேய்க்கு முதுகைக் காட்டிவிட்டு நடந்து, விழித்துக்கொள்வதோடு முடிக்கத்தான் கிரேவன் நினைத்தார். தயாரிப்பாளர் ராபர்ட் ஷேய் அடுத்த பாகத்துக்கு வழி கேட்டார். அந்த இழுபறியில் வந்த முடிவு அது. அதில் பயம் இல்லை, குழப்பம்தான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்கா போன அகதிகளில் சில இளைஞர்கள் தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகளை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் படித்துத்தான் கிரேவனுக்கு இந்தக் கதை பிறந்தது. தூங்கப் பயந்த ஒரு பையன் அறையில் காபி போடும் இயந்திரத்தை ஒளித்து வைத்திருந்தான் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் நான்சியும் அப்படி ஒளித்து வைத்திருப்பாள்.

இங்கேயும் அது நடந்தது. 1982-க்கும் 1990-க்கும் இடையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த 230 தாய்லாந்து ஆண்கள் தூக்கத்தில் இறந்தார்கள், பலர் கட்டுமானத் தொழிலாளர்கள், நோய்நொடி இல்லாதவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் ஊர்ச் சாப்பாட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் அவர்களும் இருந்திருக்கலாம். இதயத் துடிப்பைக் குலைக்கும் கோளாறு அது. 1992-இல் அதை விவரித்த மருத்துவச் சகோதரர்களின் பெயரால் புருகாடா என்கிறார்கள். அன்று தாய்லாந்தில் விதவைப் பேய் ஆண்களைத் தேடி வருகிறது என்று நம்பி, பெண்போலத் தெரிய உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு படுத்த ஆண்கள் இருந்தார்கள். நம் பாட்டிகள் அமுக்குவான் பேய் என்று சொன்ன அதே பயம். இது தெரிந்த பிறகு அந்தக் காபிக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லுங்கள். ஹால் விளக்கு எரியட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.