பேக்கப் ‘ஆன்’ என்று காட்டினால் போதுமா?

தம்பி, சிங்கப்பூர் துவாஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். அறையில் ஒருவரின் போன் கடலில் விழுந்து அவருடைய படங்கள், நம்பர்கள் எல்லாம் போய்விட்டன. பயந்துபோய் உங்கள் ஆண்ட்ராய்டு போனைப் பார்த்தால் பேக்கப் ‘ஆன்’ என்று இருக்கிறது. இது போதுமா என்று கேட்டீர்கள். போதாது தம்பி. எனக்கும் ஆன் என்றுதான் இருந்தது.

2018இல் கம்பெனி மாறி, காக்கி புக்கிட்டில் ஒரு டார்மிட்டரிக்குப் போனேன். அங்கே ஓடி (ஓவர்டைம்) மணி நேரத்தைச் சூப்பர்வைசர் டைம் கார்டில் பேனாவால் எழுதித் தருவார். தினமும் சாயங்காலம் லாரி ஏறுவதற்குள் அந்தக் கார்டைப் படம் எடுத்துவிடுவேன். ஏழு மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஒரு மழை நாளில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் நழுவிச் சேற்றுக் குழிக்குள் விழுந்தது. ‘பேக்கப்தான் இருக்கிறதே’ என்று பதறாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போய்ப் புதுப் போன் வாங்கி, கூகுள் போட்டோஸைத் திறந்தேன். கடைசிப் படம் என் கட்டில். மேல் பங்க், அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட், உள்ளே அடைத்த காகிதம்கூட எடுக்காத புது சேஃப்டி ஷூ. டார்மிட்டரிக்கு வந்த முதல் வாரம் எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு படம்கூட இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. வைஃபை கிடைத்தால் மட்டும் பேக்கப் ஆகும்படி வைத்திருந்தேன். முதல் வாரம் ஒரு அண்ணன் தன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்திருந்தார். அப்புறம் நான் பிரீபெய்ட் டேட்டாவிலேயே ஓட்டிவிட்டேன். ஏழு மாதமும் அது வைஃபைக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னால் ஓடி சம்பளத்தில் தகராறு வந்தபோது காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கம்பெனி வைத்திருந்த கணக்கையே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்று இரவே போட்டோஸ் ஆப்பில் மேலே உங்கள் படத்தைத் தொடுங்கள். பேக்கப் முடிந்ததா, வைஃபைக்குக் காத்திருக்கிறதா, இன்னும் எத்தனை படம் பாக்கி என்று அங்கே காட்டும். மொபைல் டேட்டாவிலும் பேக்கப் ஆக அனுமதிக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவும் வைக்கலாம். கேமராவில் எடுத்த படங்கள்தான் தானாகப் போகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால்தான் அவையும் போகும். நண்பர் அனுப்பிய டைம் கார்டு, ஏஜென்ட் அனுப்பிய ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதம் எல்லாம் அங்கேதானே கிடக்கின்றன!

இடமும் பாருங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும், மெயிலும், இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்ளேயேதான். நிறைந்துவிட்டால் புதிதாக எதுவும் ஏறாது. இடம் வேண்டும் என்று போட்டோஸ் ஆப்பில் படத்தை அழித்தால் கூகுளில் ஏறிய பிரதியும் அழிந்துவிடும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள்தான் இருக்கும். குட் மார்னிங் வீடியோக்களை அழியுங்கள், சம்பளச் சீட்டில் கை வைக்காதீர்கள். ஐபோன் நண்பர்களுக்கு இலவசம் 5 ஜிபிதான். கடைசி பேக்கப் தேதியை அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்குப் பெரிய கவலை இதில்தான். ஊர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கூகுள் கணக்கில் இருப்பது அந்த நம்பர்தானே? வாட்ஸ்அப்பும் அதில்தானே? போன் தொலைந்தால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் பிரீபெய்ட் நம்பரைத் துண்டிக்க இந்தியாவில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதி இடம் தருகிறது. அப்புறம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் பேக்கப்பைத் திரும்ப எடுக்க அதே நம்பரும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். பேக்கப் பத்திரமாக இருந்தும் சாவி போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

ஒன்று, ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ‘நம்பர் மாற்று’ என்பதன் வழியாகச் சிங்கப்பூர் நம்பருக்கு மாறிவிடுங்கள். கூகுளிலும் இங்குள்ள நம்பரைச் சேருங்கள். அங்கேயே இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்தால், போன் கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்க 8 இலக்கக் குறியீடுகள் 10 தருவார்கள்; ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான். தாளில் எழுதி லாக்கரில் வையுங்கள். போனில் படமாக வைத்து என்ன பிரயோஜனம்? வாட்ஸ்அப் பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். அது மறந்தால் வாட்ஸ்அப்காரர்களாலும் திறக்க முடியாது.

சிங்பாஸ் (இங்குள்ள அரசு டிஜிட்டல் அடையாள ஆப்), பேங்க் டோக்கன் (பேங்க் ஆப்பில் நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் வசதி) இவையெல்லாம் பேக்கப்பில் வராது. புதுப் போனில் மறுபடி பதிய வேண்டும். பேங்க் டோக்கன் புதிதாகப் போட்டால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். செட் பண்ணித் தருகிறேன் என்று யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லிவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டையும் டைம் கார்டையும் விடாமல் படம் எடுங்கள். விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் இங்கே சட்டம். சம்பளப் புகார் கொடுக்க, வேலையில் இருப்பவருக்கு ஓராண்டு, விலகியவருக்கு 6 மாதம்தான் அவகாசம். அதற்குள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

எல்லாம் செய்த பிறகு இன்று உங்கள் கட்டிலை ஒரு படம் எடுங்கள். நாளை உங்கள் போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டு, நம்பிக்கையான நண்பரின் போனில் மறைநிலைச் சன்னலை (இன்காக்னிட்டோ) திறந்து, உங்கள் பாஸ்வேர்டையும் தாளில் உள்ள ஒரு குறியீட்டையும் வைத்து உங்கள் கணக்குக்குள் போங்கள். அந்தக் கட்டில் அங்கே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள். பயன்படுத்திய குறியீட்டை அடித்துவிடுங்கள். தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் உட்கார்ந்து சரிசெய்து விடலாம். ஆனால் சிம் வேலையை ஞாயிறு வரை தள்ளாதீர்கள். வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது, உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.