பக்கத்து அறைக் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஓர் ஒற்றுமை. எல்லார் வீட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் ஒன்று மக்கர் பண்ணினால் அதை மட்டுமே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் நன்றாக ஓடுகிற இன்னொன்று இருக்கிறதே, அதைவிட நல்ல சோதனைக் கருவி எந்தக் கடையிலும் கிடையாது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். அப்பாவின் பழைய டெஸ்க்டாப், என் லேப்டாப், பெண்ணின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய இன்னொரு லேப்டாப். மூன்றுமே ஊர்ந்துதான் போகின்றன. கடையில் கேட்டால் மூன்றையும் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா சார்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. மூன்றும் மெதுவாக இருக்கின்றன என்றால் மூன்றுக்கும் ஒரே நோய் என்று அர்த்தம் இல்லை. மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து, ஒவ்வொன்றிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், சிபியு என்பதைத் தட்டிக் கீழே 'அப் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு நேரமாக ஓய்வில்லாமல் ஓடுகிறது என்பதற்கான கணக்கு அது. தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள், அது 23 நாள் என்று காட்டும். நீங்களும் பொய் சொல்லவில்லை, அதுவும் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்துவைத்த புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும், காலையில் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். உள்ளே சேர்ந்த குப்பை அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நிஜமாகவே முதலிலிருந்து தொடங்கும். ஆகவே முதல் மருந்து, மூன்றையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்வது. செலவு பூஜ்யம்.

அப்புறமும் ஊர்ந்தால், அதே பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே பல நிமிடங்களுக்கு 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் ஹெச்டிடி என்று எழுதியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க் அது. இப்போதைய விண்டோஸ் அதில் மூச்சுத் திணறும், ஃபார்மட் செய்தாலும் ஒரு மாதத்தில் பழைய கதைதான். அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, சிப்பில் எழுதுகிற புது வகை டிஸ்க்) போட்டால், கொடுத்த காசுக்கு இந்த அளவு வித்தியாசம் தெரிகிற மாற்றம் வேறு எதுவும் இல்லை. டிஸ்க் சும்மா இருந்து மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. வகுப்புக்கு வாங்கிய லேப்டாப்பில் 4 ஜிபி மட்டும் இருக்கலாம், ஒரு வீடியோ வகுப்பும் பத்து பிரவுசர் தாவல்களும் திறந்தால் அது தாங்காது. கூடுதல் ராம் போட இடம் இருக்கிறதா என்பதையும் அதே பக்கம் காட்டும்.

அப்பாவின் டெஸ்க்டாப் பற்றி மட்டும் இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11 ஏறுமா என்றால், இன்டெல் புராசசர் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏறும். ஐ5-7400 என்று போட்டிருந்தால் அது ஏழாம் தலைமுறை, ஏறாது. அப்பா செய்தி படிக்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும்தான் உட்காருகிறார் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் முணுமுணுப்பார், மூன்றாம் நாள் பழகிவிடும்.

சிபியு பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி) போகவில்லை, எர்த் போயிருக்கிறது. அல்லது முதலிலிருந்தே இல்லை.

எஸ்எம்பிஎஸ் உள்ளே, கரண்ட் நுழைகிற இடத்தில் இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் பெட்டிக்கும் நடுவே, இன்னொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவே. மின்சாரத்தில் வருகிற இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான் அவற்றின் வேலை. எர்த் ஒழுங்காக இருந்தால் அது அந்த வழியாகப் போய்விடும், நமக்கு ஒன்றும் தெரியாது. எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பெட்டி பாதி வோல்டேஜில், அதாவது 230-க்குப் பாதியாக 115 வோல்ட் அளவில், அந்தரத்தில் நிற்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். கரண்டின் அளவு ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, சுர்ரென்று மட்டும் இழுக்கும். அதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது. நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஒரு வயர் அறுந்து பெட்டியில் பட்டால் உங்களைக் காப்பாற்ற வேண்டியதும் அதே எர்த்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பிளக்கைக் கவனியுங்கள், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் சொருக ஒரு அடாப்டர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு அதுதான் காரணம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கும், அதன் வயருக்குள் இரண்டே கம்பி ஓடும், இதுவும் உண்டு. அடுத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதே கம்ப்யூட்டரைச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்கான பாயின்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் பாயின்ட்டுக்கு எலெக்ட்ரீஷியன்கள் பொதுவாக எர்த்தை மறக்க மாட்டார்கள். அங்கே டெஸ்டர் எரியவில்லை என்றால் கம்ப்யூட்டர் குற்றமற்றது, உங்கள் அறையின் பாயின்ட்தான் தப்பு. அங்கேயும் எரிந்தால், முக்கியமாகப் பளிச்சென்று எரிந்தால், உடனே ஆஃப் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வருகிற எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் மட்டும் வைத்துப் பார்க்காமல் லோடு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலவீனமான எர்த்தும் மீட்டரில் 230 காட்டும், ஒரு பல்பை எரிக்கச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும். வெயில் காலத்தில் மட்டும் ஷாக் அடிக்கிறது என்றால் வாசலில் இருக்கிற எர்த் குழி காய்ந்திருக்கும், நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொல்லுங்கள்.

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். கீழே ஹாலில் லேப்டாப்பில் முழு வேகம் வருகிறது. மாடியில் வயர் இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறேன், அதில் மட்டும் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இன்டர்நெட் கம்பெனிக்காரர் உங்கள் கம்ப்யூட்டர் பழசு என்கிறார். புதுசு வாங்க வேண்டுமா அண்ணா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

94 என்று சொன்னதும் நான் சிரித்துவிட்டேன் தம்பி. 70-ம் இல்லை, 120-ம் இல்லை, 94. அந்த எண்ணே வாக்குமூலம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தகவலோடு சேர்ந்து போகிற முகவரி மாதிரியான சுமையெல்லாம் போக நிஜமாகக் கைக்கு வருவது 94, 95 தான். அதாவது உங்கள் வயர் எங்கோ 100-க்கு இறங்கி நிற்கிறது.

நெட்வொர்க் வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி கிரிம்ப் செய்யும்போது, அதாவது முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது, சரியாக உட்காரவில்லை, அல்லது அணில் கடித்துவிட்டது என்றால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. என் நண்பர் வீட்டில் இதைவிட அழகான கூத்து. இரண்டு அறைக்கு இரண்டு வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, ஒரே வயரைப் பிரித்து நான்கு கம்பி இந்த அறைக்கு, நான்கு கம்பி அந்த அறைக்கு என்று பாகப்பிரிவினை செய்திருந்தார்கள். சுவிட்ச் பாக்ஸைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டரா வயரா என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கீழே இருக்கிற லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் அந்த வயரைச் சொருகுங்கள் (வைஃபையை அணைத்துவிட்டு). அதிலும் 94 என்றால் பெரும்பாலும் வயர்தான் குற்றவாளி. லேப்டாப்பில் வயர் சொருகும் ஓட்டை இல்லையென்றால் தலைகீழாகச் செய்யுங்கள், டெஸ்க்டாப்பைக் கீழே இறக்கி ரவுட்டரோடு வந்த சின்ன வயரில் மாட்டுங்கள். டெஸ்க்டாப்பில் கீழே 200 வந்துவிட்டால் இரண்டு முனையிலும் கனெக்டரை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், சில ரூபாய் சமாச்சாரம். கீழேயும் 94 என்றால் மட்டும் பெரும்பாலும் டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் போர்ட்டே 100 வேகத்தது, அதற்கும் 1000 வேகத்து யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்று போதும், புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பேங்க் சைட், ஜிமெயில் எதுவும் திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கிறது. வைரஸா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு, உங்கள் கம்ப்யூட்டர் அதற்கு முந்தைய காலத்தில் வாழ்கிறது, அவ்வளவுதான். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கிற சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள், எலெக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும்.

அப்பா 2000-களில் தட்டச்சு செய்த ஊர் மலர்க் கட்டுரைகள் பழைய கணினியில் நன்றாகத் தெரிகின்றன. இரண்டு புது மடிக்கணினிகளில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடக்கின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

கோப்பு நலமாக இருக்கிறது. அப்பா அநேகமாகப் பாமினியில் தட்டச்சு செய்திருப்பார். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலம்தான், பாமினி என்கிற கண்ணாடியைப் போட்டால் மட்டும் தமிழாகத் தெரியும். பழைய கணினியில் அந்தக் கண்ணாடி இருக்கிறது, புதியவற்றில் இல்லை. பழையதில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதிலிருந்து எழுத்துருவை எடுத்துப் புதியவற்றில் நிறுவுங்கள். அந்தக் கணினியைக் கழிப்பதற்கு முன்னால் அந்தக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வைத்துவிடுங்கள், அப்பா வேறென்ன எழுத்துருக்களை எங்கே பயன்படுத்தினாரோ.

பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரிகிற முறைக்கு, மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது: கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் வந்திருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துப் புரியாத தமிழாக்கிவிடும். முகவரிகளையும் பட்டப் பெயர்களையும் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான்கு கம்ப்யூட்டருக்கும் எந்த ஆன்ட்டிவைரஸ் வாங்கலாம்?
– ஒரு வாசகர், வேலூர்

எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும். ஒன்றுக்கு மேல் இரண்டு போட்டு அவற்றைச் சண்டை போட விடாதீர்கள்.

எல்லா போட்டோக்களையும் பத்திரமாக டி டிரைவில்தான் வைத்திருக்கிறேன். போன வாரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் டக் டக் என்று சத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பயப்படுங்கள். முதலில் கம்ப்யூட்டரை அணையுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சி டிரைவ் வேறு, டி டிரைவ் வேறு என்று நம்புகிறோம். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஒரே டிஸ்க்தான், நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். விண்டோஸை மறுபடி போட்டால் டி தப்பிக்கும் என்பது உண்மை. டிஸ்க்கே செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். தங்கை கல்யாணப் படங்களைச் சியிலிருந்து டிக்கு 'பேக்கப்' எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். இதே டக் டக் சத்தத்தை ஃபேனில் தூசி என்று நினைத்து ஒரு வாரம் ஓட்டினேன். இன்றைக்குக் கல்யாணத்தில் மிஞ்சியிருப்பது சித்தப்பா போனில் எடுத்த பதினோரு படங்கள், அதில் நான்கு பந்தி.

சத்தம் ஃபேனா டிஸ்க்கா என்று தெரியாத நிலையில் சோதனை எதுவும் ஓட்டாதீர்கள். டிஃப்ராக், ஸ்கேன் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு நிமிடமும் அதற்கு ஆயுள் குறைகிறது. டிஸ்க்கைக் கழற்றி, தனிக் கரண்ட் கொடுக்கிற யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கைச் சொருகி யுஎஸ்பி வழியாகப் படிக்க உதவும் பெட்டி) மாட்டி, வீட்டில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். டிஸ்க் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுக்காமல், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குழந்தைகள் படம், பத்திரங்களின் ஸ்கேன். சினிமாக்கள் கடைசி. தெரியவே இல்லை, அல்லது சொருகியதும் சத்தம் அதிகமாகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு மட்டுமே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுங்கள். தெருமுனைக் கடையில் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள். படங்கள் கிடைத்ததா என்று எழுதுங்கள் அம்மா.