ஒரிஜினல் டிஸ்க் கையில், கேம் மட்டும் ஓடவில்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய கேம் சிடி பற்றியவை, அதுவும் காப்பி எடுக்கவிடாமல் அவற்றில் போட்டிருக்கும் பூட்டு பற்றியவை. கேட்பவர்கள் மூன்று விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள்: கேமின் பெயர், விண்டோஸ் பதிப்பு, டிரைவின் மாடல். "கேம் ஓடல, என்ன பண்றது?" என்று ஒரு வரி அனுப்பினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: சிடியை ஐஎஸ்ஓ (டிஸ்கின் தகவலை ஒரே ஃபைலாக்கிய நகல்) ஆக்கி வர்ச்சுவல் டிரைவில் (மென்பொருள் காட்டும் போலி சிடி டிரைவ்) போட்டேன். 'சரியான சிடியைப் போடவும்' என்றே வருகிறது. ஏன்?

எந்த கேம் என்று நீங்களும் எழுதவில்லை. எதுவானாலும் ஐஎஸ்ஓ போதாது. டிஸ்கில் தகவல் செக்டார் என்ற சிறு துண்டுகளாக இருக்கிறது, ஒரு செக்டாரில் 2,352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2,048-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். அதோடு ஒட்டி வரும் சப்சேனல் என்ற துணைத் தகவலின் 96 பைட்டைத் தொடவே தொடாது. பழைய செக்யூரோம் பூட்டு இருப்பதே அந்தச் சப்சேனலில்தான். அதையும் சேர்த்து எடுக்கும் சிசிடி அல்லது எம்டிஎஸ் வகை இமேஜ் (டிஸ்கின் நகல் ஃபைல்) எடுங்கள். பிந்தைய செக்யூரோம் இன்னும் ஒரு படி மேலே போய், செக்டார்கள் டிஸ்கில் என்ன நெருக்கத்தில் கிடக்கின்றன என்பதையே அளக்கும். அதற்கு அந்த நெருக்கத்தைப் பதியும் டிபிஎம் அளவீட்டை மென்பொருளில் டிக் செய்து, குறைந்த வேகத்தில் எம்டிஎஸ் இமேஜ் எடுக்க வேண்டும்.

கேள்வி: சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட சிடியை இமேஜ் எடுக்கும்போது 3 சதவீதம் தாண்டவே மணிக்கணக்கில் ஆகிறது, டிரைவ் 'டிக் டிக்' என்கிறது. டிரைவ் போய்விட்டதா?

இல்லை. முதல் 10,000 செக்டாருக்குள் வேண்டுமென்றே கெடுத்த செக்டார்களைத் தூவி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் லென்ஸ் பின்னால் போய்த் திரும்ப வந்து படித்துப் பார்க்கிறது, அந்தச் சத்தம்தான் அது. நானும் முதல் தடவை பயந்துபோய்ப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். 20 எம்பி அளவைத் தாண்டிவிட்டால் சத்தம் நின்று சரசரவென்று ஓடும். பிழையை வேகமாகத் தாண்டும் வசதி உள்ள மென்பொருளில், அதைச் செய்யத் தெரிந்த டிரைவில் எடுத்தால் சில நிமிட வேலை.

கேள்வி: ஒரே இமேஜ், இரண்டு சிடி ரைட்டர். ஒன்றில் எழுதிய காப்பி ஓடுகிறது, மற்றதில் எழுதியது ஓடவில்லை. சிடி மட்டமா?

சிடி மேல் பழி வேண்டாம், ரைட்டர்தான் காரணம். சேஃப்டிஸ்க் 2-இல் வரும் 'வீக் செக்டார்' என்பது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பிட் வரிசை. சாதாரண ரைட்டர் அதை டிஸ்கின் குழி, மேடாக மாற்றும்போது சமநிலை தவறி, படிக்க முடியாதபடி எழுதிவிடும். அந்த வரிசையைச் சரியாக எழுதத் தெரிந்த ரைட்டர்கள் குறைவு. ஓடிய காப்பியை எழுதிய ரைட்டரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2002-இல் காசு கொடுத்து வாங்கிய கேம். விண்டோஸ் 10-இல் ஐகானைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை. நெட்டில் ஒரு டிரைவர் ஃபைல் (பூட்டை இயக்கும் துணை மென்பொருள்) கிடைக்கிறது, போடலாமா?

போடாதீர்கள். எங்கிருந்தோ வரும் டிரைவர் ஃபைலையோ, சிடி கேட்காதபடி மாற்றிய 'நோ சிடி' ஃபைலையோ போடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் கேமில் இருப்பது சேஃப்டிஸ்க் பூட்டு என்றால் நடந்தது இது. சேஃப்டிஸ்க் வேலை செய்ய விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஒரு டிரைவர் ஓட வேண்டும். 2007-இலேயே அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அந்த டிரைவருக்கே இடமில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் விஸ்டா, 7, 8 எல்லாவற்றிலும் அதை முடக்கியது. பாதுகாப்புக்காகச் செய்ததில் எனக்குக் குறை இல்லை. ஓட்டையுள்ள டிரைவரை, கேம் வாங்கியவனின் மெஷினில் ஏற்றினார்களே, அதில்தான் குறை. திருட்டு காப்பி வைத்திருந்தவனுக்கு அந்த அப்டேட் வந்ததே தெரியாது, அவன் கேம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பெட்டி, கையேடு, சீரியல் நம்பர் எல்லாம் வைத்திருப்பவன்தான் திகைத்து நிற்கிறான். என் அலமாரியில் இப்படி ஏழு பெட்டி இருக்கிறது. அவற்றில் ஒன்றை விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தப் பதிப்புக்கு இப்போது உதவி இல்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

மனசிருந்தால் செய்யலாம் என்பதற்கு உதாரணமும் உண்டு. 2008-இல் டயாப்லோ 2 கேமுக்கு வந்த 1.12 பேட்ச் (திருத்த ஃபைல்), சிடி இல்லாமலே ஆட விட்டது. அதனால் முதலில் உங்கள் கேமுக்கு நிறுவனமே கொடுத்த கடைசி பேட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் பூட்டு இல்லாத பதிப்பு விற்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினைத் தயார்செய்து, இன்டர்நெட் கேபிள் செருகாமல் அதில் ஆடுங்கள். நான் அப்படித்தான் ஆடுகிறேன். டிஸ்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டார்ஃபோர்ஸ் பூட்டு போட்ட கேமுக்கு சிடி டிரைவ் கேபிளையே பிடுங்க வேண்டும் என்கிறான் நண்பன். உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. ஐடிஇ-யில் (பழைய ரிப்பன் கேபிள் இணைப்பு) நிஜ டிரைவ் இருந்தால் ஸ்டார்ஃபோர்ஸ் 3 வர்ச்சுவல் டிரைவை நம்பாது. நிஜ டிரைவே கண்ணில் படாவிட்டால், ஸ்கஸி (வேறொரு வகை இணைப்பு) என்று சொல்லிக்கொள்ளும் வர்ச்சுவல் டிரைவை ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் ரிப்பன் கேபிளைக் கழற்றினார்கள். செய்வதென்றால் பவர் கார்டை உருவிய பிறகு செய்யுங்கள், மெஷின் ஓடும்போது கை வைக்காதீர்கள். கேமை நீக்கினாலும் ஸ்டார்ஃபோர்ஸ் டிரைவர் உள்ளேயே தங்கிவிடும், அதைத் தனியாக நீக்க வேண்டும். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் 2006-இல் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் அதைக் கைவிட்டது.

கேள்வி: டிஸ்க் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டால் பூட்டு திறக்குமாமே?

அது 2002-இல் ஆடியோ சிடிக்குச் சொன்ன வித்தை. கேம் டிஸ்கில் கிறுக்காதீர்கள்.

கேள்வி: சொந்த சிடிக்கு பேக்கப் எடுப்பது சட்டப்படி குற்றமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(ஏஏ), முறையாக வாங்கிய மென்பொருள் தொலையாமல், கெடாமல் இருக்க பேக்கப் எடுக்க அனுமதிக்கிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைப்பது வேறு, எடுத்து ஊருக்கு விநியோகிப்பது வேறு.

கேள்வி: டிஸ்கின் நடு ஓட்டையருகே சின்ன விரிசல். 52எக்ஸ் (52 மடங்கு வேக) டிரைவில் போட்டு ஒரே ஒரு முறை காப்பி எடுத்துவிடலாமா?

கூடாது. அந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும், டிரைவுக்குள்ளேயே வெடித்துச் சிதறிவிடலாம்.