டான்சில் எடுத்த பிறகு ஸ்டீராய்டு சாப்பிட்டால் பெரியவர்களுக்கு வலி குறையுமா?

ஓரளவு குறையலாம். ஆனால் எந்த ஸ்டீராய்டு, எப்போது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சையின்போதே நரம்பில் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி வேறு, வீட்டுக்கு வந்து விழுங்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை வேறு.

ஊசியைப் பற்றித் தயங்க வேண்டாம். மயக்கம் தெளிந்தபின் வரும் வாந்தியையும் ஆரம்ப வலியையும் அது குறைப்பது பல ஆய்வுகளில் உறுதியானது. சிங்கப்பூரில் எனக்கு டான்சில் எடுத்தபோதும் போட்டார்கள், அன்று மாலையே ஐஸ்கிரீம் இறங்கியது. ஆனால் அதன் வேலை இரண்டு நாளில் ஏறக்குறைய முடிந்துவிடும். பெரியவர்களுக்கு வலி கூடுவதோ அதற்கப்புறம்தான். ஒரு வாரம் நெருங்கி, தொண்டையில் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும்போது எச்சில் விழுங்கினாலே காதுக்குள் குத்தும். (அந்த வெள்ளை பெரும்பாலும் சீழ் இல்லை, புண் ஆறும்போது படிவதுதான்.)

அந்த நாள்களைச் சமாளிக்கச் சில மருத்துவர்கள் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருவதுண்டு. அதன் பலன் ஊசியைப் போல உறுதியாகவில்லை. எனக்குத் தரவில்லை. பாரசிட்டமாலையும் எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரையையும் வலி ஏறும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் போட்டதும், விடாமல் தண்ணீர் குடித்ததும்தான் என்னைத் தேற்றின. வலிக்கிறதே என்று குடிக்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். காலையில் ஆறிய கஞ்சிக்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுவேன்.

உங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும். சிங்கப்பூரில் உள்ள இந்தியர்களிடம் நீரிழிவு சீனர்களைவிட அதிகம், அதனால் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுப்புண் வரலாம், அதற்குத் தடுப்பு மருந்து வேண்டுமா என்றும் கேளுங்கள். தூக்கம் கெடும் என்பதால் பொதுவாகக் காலையில், சாப்பிட்டபின் போடச் சொல்வார்கள்.

தெரிந்தவர் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து வாங்கி வந்தார் என்று எதையும் தயவுசெய்து விழுங்காதீர்கள். வலி நிவாரணி என்று விற்கும் சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாகச் சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

இரத்தக் கசிவை ஸ்டீராய்டு தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பொருக்கு உதிரும் நாள்களில் வாயில் புதுச் சிவப்பு இரத்தம் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிற்காமல் வந்தால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள்.