வயல் மீன் எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போனா வயல்லயே கெளுத்தி, குரவை புடிச்சு குழம்பு வெப்பாங்க. போன ஐப்பசியில போனேன், தண்ணி நிக்குது, மீனைத்தான் காணோம். மருந்து அடிக்கறதாலயா சார்?
ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: மருந்துதான் முதல் குத்தவாளி, ஆனா அது மட்டும் இல்லம்மா. ஆத்துல புதுத்தண்ணி வந்ததும் மீன் எதிரேறி வாய்க்கால், மடை எல்லாம் தாண்டி வயலுக்குள்ள வந்து முட்டை போடும், குஞ்சு பயிருக்கடியில மாசக்கணக்கா வளரும், தை மாசம் தண்ணி வடிக்கறப்ப மடைவாயில பறி, அதான் மீன் புடிக்கற கூடை, வெச்சா துள்ளிக்கிட்டு வந்து விழும், கெளுத்தி முள்ளு கையில ஏறுனா ராத்திரி பூரா கடுக்கும். அன்னைக்கு காட்டுயானம்ங்கற பழைய நெல்லுன்னா 180 நாள் பயிர், இப்ப சம்பாவுக்கே 135 நாள் ரகம் இருக்கு, அதுலயும் அறுப்பு மிஷின் எறங்கணும்னு சீக்கிரமே வடிச்சிடறாங்க. குஞ்சு எப்ப வளர்றது?

கேள்வி: ஆசையா காட்டுயானம் அரிசி வாங்கிட்டேன். எத்தனை விசில் விட்டாலும் வேகல.
ஒரு வாசகர், கோவை

பதில்: ஊற வெச்சீங்களா? ராத்திரியே ஊறப்போட்டு, காலையில ஒண்ணுரெண்டா ஒடச்சு கஞ்சியா வைங்க. மிச்சத்துல தண்ணி ஊத்தி வெச்சா மறுநாள் நீராகாரம், சின்ன வெங்காயம் போதும், தயவுசெஞ்சு பிரியாணி மட்டும் பண்ணாதீங்க. ஆளு மறையற ஒசரம் வளர்றதால வெள்ளம் நின்னாலும் தலை தூக்கி நிக்கற நெல்லு இது, தண்ணி வந்து தேங்கற கடைசி மடை பள்ளமான வயலுக்குன்னே ஆனது. இந்த மாதிரி 170க்கு மேல பாரம்பரிய நெல் ரகங்களை தேடிச் சேத்தவர் 2018ல மறைஞ்ச நெல் ஜெயராமன். அவர் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கம் கிராமத்துல நடத்துன நெல் திருவிழாவுல 2 கிலோ விதை வாங்குனா அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும், பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது.

கேள்வி: உதயமார்த்தாண்டபுரம் பறவைகளைப் பாக்க எப்ப போலாம்?
ஒரு வாசகர், திருச்சி

பதில்: கார்த்திகை, மார்கழி. 2022ல வடுவூர் பறவை ஏரியோட சேத்து இந்த ஏரிக்கும் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம், கெடச்சுது. ஆனா பறவைக்கு எரை ஏரிக்குள்ள மட்டும் இல்ல, சுத்தி இருக்கற வயல்லயும்தான். நத்தைகுத்தி நாரை சேத்துல அலகை விட்டு நத்தையைத் தொழாவி எடுக்கறத வரப்புல நின்னு பாருங்க, ஏரிக்கு அப்புறம் போலாம். அப்படியே யாராவது வயல் நண்டு வித்தா வாங்கிடுங்க, மெளகு தட்டிப்போட்டு ரசம் வெச்சா மார்கழி சளிக்கு இதமா இருக்கும்.