பனி மறைத்த நிலா

வணக்கம் ஐயா,

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாரோடு சேர்ந்து நானும் மாதாமாதம் தேய்பிறையில் வரும் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கிறேன். போன மாதம் அன்றைக்குப் பார்த்து எதிர்வீடே தெரியாத பனி. நிலாவைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று மாமியார் பதினொரு மணி வரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பனி மூடினால் என்னதான் செய்வது? விநாயகர் சதுர்த்தியன்று பார்க்கவே கூடாத நிலாவை இந்தச் சதுர்த்தியில் ஏன் பார்த்தே ஆக வேண்டும்?

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுக்கம் அதனால்கூட இருக்கலாம். அடுத்த விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். பிள்ளையார் கணக்குப் பார்க்கிற சாமி இல்லை.

அப்புறம் பனி. எந்த நாளில் விரதம் என்று முடிவு செய்வதற்குச் சந்திரோதயத்தின்போது சதுர்த்தித் திதி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. உதயம் என்பது வானத்தில் நடப்பது. நம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது நடந்ததாகும் என்று இல்லை. பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தில் எழும் நிலா, அதற்கப்புறம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அதனால் தேய்பிறைச் சதுர்த்தியில் பெரும்பாலும் இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் வந்துவிடும். காலண்டரில் போட்டிருக்கிற நேரம் சென்னைக்குக் கணித்ததாக இருந்தால் எட்டு, பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நாம் மேற்கே தள்ளி இருக்கிறோம். அந்த நேரம் தாண்டியதும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, அர்க்கியம், அதாவது கையால் தண்ணீர் வார்த்து விட்டுவிட்டுச் சாப்பிடலாம். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். ராஜகணபதி கோயிலுக்குப் போய்விட்டு வந்து அம்மா மொட்டை மாடி ஏறுவார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கிழக்கை மறைத்துக்கொண்டு நிற்கும். நிலா அதைத் தாண்டி வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். பசியைவிட அந்தத் தொட்டிமேல்தான் அம்மாவுக்குக் கோபம்.

இனி இரண்டாவது கேள்வி. மோதகம் தின்ற வயிற்றோடு மூஞ்சூறிலிருந்து விழுந்த பிள்ளையாரைப் பார்த்துச் சந்திரன் சிரித்தான், சாபம் வாங்கினான். கெஞ்சிய பிறகு சாபம் ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி ஒரு நாளோடு நின்றது என்பது கதை. கண்ணன்கூட அன்றைக்கு நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சியமந்தக மணியைத் திருடியதாகப் பழி சுமந்தானாம். ‘நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு’ என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான்.

எனக்குப் பிடித்தது கதையைவிட இன்னொன்று. வளர்பிறைச் சதுர்த்தி நிலா, பொழுது சாயும்போதே மேற்கே தயாராக நிற்கும். வேண்டாம் என்றாலும் கண்ணில் படும். தேய்பிறைச் சதுர்த்தி நிலாவுக்கோ நல்ல இருட்டில் காத்துக் கிடக்க வேண்டும். பார்க்கக் கூடாதது தானே வந்து நிற்கிறது, பார்க்க வேண்டியதற்குத் தவம் கிடக்கிறோம். சங்கடம் தீர வேண்டி இருக்கிற விரதத்துக்கு இந்த நிலாவைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, ரசனைக்காரர்.

மாமியார் மனசு ஒப்பவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. மேலே பனி மூடியிருக்கும் இரவிலும் கீழே சேலத்தில் வானம் பளிச்சென்று இருப்பதுண்டு. சொந்தக்காரர் யாருக்காவது போன் போட்டு, “நிலா வந்தாச்சா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பனி இல்லாத மாதத்தில் பகோடா பாயிண்ட்டில் கிழக்கு நன்றாகத் திறந்து கிடக்கும், ஆனால் இருட்டில் அங்கே போக வேண்டாம். காட்டெருமை நின்றால் தெரியாது.